மலரில் போட வேண்டிய பெயர்

கலைக் கல்லூரி,
பல்கலைக்கழக வளாகம்,
12.7.1992

மதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு,

தங்கள் தம்பி சோலைராஜின் மகன் ஞானதுரை எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் மூலையில் போட்டுவிடுவீர்களோ என்று உறை மேல் முகவரியைத் தட்டச்சு செய்தேன். தங்கள் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? கண்ணில் புரை எடுத்ததாக ராஜபாளையத்திலிருந்து அம்மா எழுதியிருந்தாள். தங்கள் மகள் பரிபூரணமும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே அழகுத்தாயும் மக்களும் நலம். எனக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, மாத்திரையில் அடங்கிக் கிடக்கிறது.

இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு எழுதக் காரணம் உண்டு. எங்கள் கல்லூரிக்கு இது பொன்விழா ஆண்டு. 1942இல் ஜமீன் குதிரை லாயத்தில் ஓலைத் தடுப்பு வைத்து, முப்பத்தெட்டு மாணவர்களோடு தொடங்கிய கல்லூரி. இன்று இந்தப் பல்கலைக்கழகத்தில் பதினொரு கல்லூரிகள் இருந்தாலும் மூத்தது இதுதான். வரலாற்றுத் துறையில் இருப்பதால் பொன்விழா மலர் தொகுக்கும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

அதில் படிக்கும் காலத்திலேயே மறைந்தவர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். ஏழு பேர். சௌந்தரபாண்டியனும் அதில் வருகிறான். அவனுடைய புகைப்படம் ஒன்றும் பிறந்த தேதியும் வேண்டும். பதிவேட்டில் உள்ளது இது, பிழை இருந்தால் சொல்லவும்:

“ம. சௌந்தரபாண்டியன், பி.ஏ. இரண்டாம் ஆண்டு. மேற்கு விடுதி, அறை 31. 28.1.1971 அன்று கடுங்காய்ச்சலால் மறைந்தார்.”

பதில் எதிர்பார்க்கும்,
தங்கள் மருமகன்
ஞானதுரை


மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்,
20.7.1992

மருமகன் ஞானதுரைக்கு அத்தை செல்லக்கனி எழுதிக்கொண்டது.

உறையைப் பிரித்தேன். பரிபூரணம் வாசித்தாள். பிறகு நானும் எழுத்துக்கூட்டி ஒருமுறை வாசித்தேன். மூணாம் வகுப்புப் படிப்பு அதற்குப் போதும். முழங்கால் இருக்கிறது. கண் தெரிகிறது. உன் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

பிழை இருந்தால் சொல்லச் சொன்னாய். சொல்கிறேன், உட்கார்ந்து வாசி.

என் பிள்ளையைக் குளிப்பாட்டினது நான். ஆம்பளைகள் வேண்டாம் என்று தடுத்தார்கள். நான் பெற்றதை நான் கழுவுகிறேன் என்று எல்லாரையும் வெளியே போகச் சொன்னேன். இடது விலாவில் நாலு எலும்பு, கையை வைத்தால் பிரம்புத் தட்டி மாதிரி அசைந்தது. வலது கையில் மூணு விரல் பின்பக்கமாக மடங்கிக் கிடந்தது. பின்மண்டையில் தண்ணீர் ஊற்றித் தேய்க்கப் போனேன், ஈரக் களிமண் மாதிரி விரல் உள்ளே போயிற்று. எந்தக் காய்ச்சலடா விரலை ஒடிக்கும்?

உங்கள் வார்டன் வேனோடு வந்தான். காய்ச்சல் என்று எழுதின காகிதத்தில் கையெழுத்துப் போட்டால்தான் இறக்குவேன் என்றான். உன் மாமா போட்டார். போட்ட நாளிலிருந்து ஏழு வருஷம் நான் அவரோடு பேசவில்லை. பேசாமலே போய்ச் சேர்ந்தார்.

உங்கள் கல்லூரியை எனக்குத் தெரியாதா? அறுபத்தொன்பதில் சேர்க்கப் போனபோது மில்லில் ரெண்டு நாள் லீவு போட்டு நானும் போனேன். ஆபீஸில் கண்ணாடி போட்ட கிளார்க் ஒருத்தன், இடது மூக்கில் மரு உள்ளவன். நான் கையெழுத்துப் போட எம்புட்டு நேரம் எடுக்கிறேன் என்று பக்கத்து மேசைக்காரனிடம் சொல்லிச் சிரித்தான். அவன் இருக்கிறானா, போய்விட்டானா என்று எழுது.

உன் அப்பன் என் கூடப் பிறந்தவன். அவன் செத்தபோது ராஜபாளையத்துக்கு நான் வரவில்லை. பஸ்ஸில் அரை மணி நேரம். ஏன் வரவில்லை என்று உனக்குத் தெரியும். ஒரே அறையில் கிடந்த நீ என் பிள்ளை சாவுக்கு வரவில்லை.

போட்டோ இருக்கிறது. அடித்துக் கொன்றார்கள் என்று போடு, அடித்தவன் பெயரையும் பக்கத்தில் போடு. அப்போது அனுப்புகிறேன். அதுவரைக்கும் உன் மலரில் அந்த இடம் வெள்ளையாகக் கிடக்கட்டும்.

இப்படிக்கு
செல்லக்கனி


கலைக் கல்லூரி,
2.8.1992

அத்தை அவர்களுக்கு வணக்கத்தோடு ஞானதுரை.

தங்கள் கடிதம் கிடைத்தது. அங்கே மழை உண்டா? கண்ணுக்குச் சொட்டு மருந்து விடாமல் போடுங்கள். வெயிலில் போகும்போது கறுப்புக் கண்ணாடி வேண்டும்.

அந்தக் கிளார்க் எழுபத்தெட்டில் ஓய்வு பெற்றார். எண்பத்தாறில் காலமானார்.

தாங்கள் சொல்வதை மலர்க் குழுவில் வைத்தேன். பேராசிரியர்கள் ஆறு பேர். ஆவணம் இல்லாமல் எதையும் அச்சிட முடியாது என்கிறார்கள். காவல் நிலையத்தில் புகார் இல்லை. பிரேதப் பரிசோதனை இல்லை. மாமா கையெழுத்திட்ட காகிதம்தான் இருக்கிறது.

நான் எழுதும் வரலாற்றில் நல்லதும் நிறைய இருக்கிறது, அத்தை. நாற்பத்தொன்பதில் முதல் முதலாக மூன்று பெண்கள் சேர்ந்தார்கள். வகுப்பில் அவர்களுக்கு முன்னால் துணித்தடுப்பு கட்டினார்களாம். ஒரே மாதத்தில் அந்தப் பெண்களே அதை அவிழ்த்து நூலகச் சன்னலுக்குத் திரையாகத் தைத்துவிட்டார்கள். அறுபத்தைந்து மொழிப் போராட்டத்தில் கல்லூரியை மூடியபோது, எங்கள் மெஸ் சமையல்காரர் ஊருக்குப் போக முடியாத எண்பது பேருக்குத் தன் வீட்டில் கஞ்சி காய்ச்சி ஊற்றினார். உழவர் வீட்டுப் பிள்ளைகளும் மில் தொழிலாளி பிள்ளைகளும் முதல் தலைமுறையாக வந்து படித்த இடம். சௌந்தரபாண்டியனுக்கும் இந்தக் கல்லூரி பிடிக்கும்.

எழுபத்தொன்றைப் பற்றி, “மாணவர் பேரவைத் தேர்தலையொட்டி விரும்பத்தகாத நிகழ்ச்சிகள் நடந்தன, கல்லூரி நாற்பது நாள் மூடப்பட்டது” என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் என்னால் ஆகாது. புகைப்படத்தை அனுப்பிவையுங்கள்.

அன்புடன்
ஞானதுரை


மடவார் வளாகம்,
11.8.1992

மருமகனுக்கு,

மழை இல்லை. சொட்டு மருந்து தீர்ந்து ஒரு மாதம் ஆகிறது. கிளார்க் செத்தது தெரிந்து சந்தோஷம். உன் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து சுகமாக இருப்பீர்கள், அதனால் கேட்கவில்லை.

துணித்தடுப்புக் கதையும் கஞ்சிக் கதையும் எனக்கு எதற்கு? மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். என் பிள்ளைக்கு ஒரு வரி. அந்த ஒரு வரியிலும் அவன் பெயர் இல்லை.

ஆவணம் என்கிறாய். நான் சாகிற வரைக்கும் ஆவணம் நான்தான். அந்தத் தேர்தலில் அவன் பேரவைச் செயலாளருக்கு நின்றான். கிழக்கு விடுதிக்காரன்தான் எப்போதும் ஜெயிப்பான், இந்த வருஷம் மேற்கு விடுதி ஜெயிக்கும் என்று பொங்கலுக்கு வந்தபோது சொன்னான். பதினொரு ஓட்டில் ஜெயித்தான். ஜெயித்த அன்றே சாயங்காலம் செத்தான். இதை வேன் டிரைவர் எனக்குச் சொன்னான். வார்டன் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து, “ஆச்சி, காய்ச்சல்னு சொன்னா நம்பாதீய, உங்க புள்ளய ரூம் வாசல்ல போட்டு அடிச்சிருக்காவ” என்றான். டிரைவருக்கு இருந்த ஈரம் அத்தை மகனைப் பறிகொடுத்த உனக்கு இல்லை.

இத்தனை வருஷமாக நான் ஒருத்தரிடமும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. கேட்டால் உன் அப்பன் முகத்தில் விழிக்க முடியாது என்று அடக்கி வைத்திருந்தேன். அவனும் போய்விட்டான். இப்போது கேட்கிறேன்.

அறை வாசலில் போட்டு அடித்தார்கள். அறையில் ரெண்டு கட்டில். ஒன்று அவனுக்கு, ஒன்று உனக்கு. அன்று சாயங்காலம் நீ எங்கே இருந்தாய்?

செல்லக்கனி


(அஞ்சல் அட்டை)
மடவார் வளாகம்
20.9.1992

ஞானதுரைக்கு. நாற்பது நாள் ஆயிற்று. தபால்காரர் ஐயா தினமும் வாசலில் நிற்கும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். உடம்புக்கு ஏதும் இல்லையே? இருந்தால் தேறிக்கொண்டு எழுது. நான் கேட்டது கேட்டதுதான். செல்லக்கனி.


கலைக் கல்லூரி,
18.10.1992

அத்தைக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. தங்களுக்கும் சுகக்கேடு இருக்கக்கூடாது. இதை ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, துறையில் ஒருவரும் இல்லை. எழுதி உடனே பெட்டியில் போட்டுவிடப் போகிறேன்.

நான் அறைக்குள் இருந்தேன்.

நாலு மணிக்கு முடிவு சொன்னார்கள். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மெஸ் வரைக்கும் வந்தோம். அங்கே வைத்துக் கிழக்கு விடுதியிலிருந்து கல் வந்தது. முதல் கல்லில் ஒருவனுக்குப் பல் போயிற்று. பிறகு அவர்களே வந்தார்கள், ஹாக்கி மட்டையும் சைக்கிள் செயினும் கட்டில் காலும் கையில் இருந்தன. எல்லாரும் சிதறி ஓடினோம். நான் முன்னால் ஓடினேன், அவன் எனக்குப் பின்னால். நொண்டிக்கொண்டு வந்தவன் ஒருவனை அவன் கைத்தாங்கலாகப் பிடித்து எதிர் அறையில் தள்ளிவிட்டு வந்தான். அதனால் நேரம் ஆயிற்று. நான் அறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டேன்.

அவன் வந்து தட்டினான். “ஏலே துரை, நான்தாம்லே. கதவத் தொற” என்றான். அவன் குரல் எனக்குத் தெரியாதா, அத்தை? தாழ்ப்பாளில் கை வைத்தேன். மாடிப்படியில் அவர்கள் ஏறுகிற சத்தம் கேட்டது. கையை எடுத்துவிட்டேன். அவன் தட்டிக்கொண்டே இருந்தான். உள்ளே நான் இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். கடைசியில் தட்டுவதை நிறுத்திவிட்டு, கதவில் வாயை வைத்து, மெதுவாக, “சரிலே, நீ உள்ளயே இரி” என்றான்.

அதற்குப் பிறகு கேட்டது மட்டை விழுகிற சத்தம். முதலில் கதவில் விழுந்தது, பிறகு கதவில் விழவில்லை. நான் கட்டிலுக்கு அடியில் கிடந்தேன். அதனால் ஒரு முகத்தையும் பார்க்கவில்லை. பத்துப் பேர் இருப்பார்கள், பதினைந்தும் இருக்கலாம். யார் பெயரைச் சொன்னாலும் அது பொய்.

கதவுக்குக் கீழே ரத்தம் வந்தது. தரையில் என் படுக்கை விரித்திருந்தது. நனைந்துவிடும் என்று அதைச் சுருட்டிக் கட்டில் மேல் வைத்தேன். அந்த நேரத்தில் அதைத்தான் செய்தேன்.

வார்டன் வந்து கதவைத் தட்டியபோது இருட்டிவிட்டது. காய்ச்சல் என்று சொல்ல வேண்டும் என்றார். சொல்லாவிட்டால் நானும் கலவரத்தில் சேர்ந்தவன் என்று சான்றிதழில் எழுதுவதாகச் சொன்னார். தலையை ஆட்டினேன். அதே கல்லூரியில் எம்.ஏ. படித்தேன். அதே கல்லூரியில் வேலைக்கும் சேர்ந்தேன். அந்தப் பதிவேட்டில் அவனுக்குக் காய்ச்சல் என்று எழுதியிருப்பதை இந்த ஜூன் மாதம் நானே என் கையால் மலருக்குப் படி எடுத்தேன்.

மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. கேட்டதற்குப் பதில் எழுதினேன்.

ஞானதுரை


மடவார் வளாகம்,
30.10.1992

ஞானதுரைக்கு,

தீபாவளி கழிந்தது. இங்கே ஒருவரும் எண்ணெய் வைக்கவில்லை. நீ சுகமா என்று கேட்க என் கை வரவில்லை.

உன் கடிதத்தைப் பரிபூரணத்திடம் கொடுக்கவில்லை. நானே வாசித்தேன், மூன்று நாள் ஆனது. “நீ உள்ளயே இரி” என்கிற இடத்தில் நிறுத்திவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து மறுபடி வாசித்தேன்.

உன்னை என்ன செய்யலாம் என்று யோசித்தேன். இருபது வருஷத்துக்கு முன்னால் என்றால் யோசித்திருக்க மாட்டேன். உனக்குத் தாழ்ப்பாள் சத்தம் காதில் விழும்போதெல்லாம் சோறு இறங்கக்கூடாது. அம்புட்டுத்தான்.

முகம் பார்க்கவில்லை, பெயர் தெரியாது என்கிறாய். எனக்குத் தெரியும். அவனுடைய டிரங்குப் பெட்டியை அந்த வேனிலேயே வைத்து அனுப்பினார்கள். சட்டை, வேட்டி, புத்தகத்துக்கு அடியில் ஒரு ஹாக்கி மட்டை இருந்தது. என் பிள்ளை ஹாக்கி ஆடினவன் இல்லை. மட்டையின் அடிப்பக்கம் ரத்தம் காய்ந்து கறுத்துப் போயிருந்தது. பிடியில் சூட்டுக்கோல் வைத்து எழுதியிருந்தது, “ஐயாதுரை”. அடித்தவன் பதற்றத்தில் மட்டையை அங்கேயே போட்டிருக்கிறான், அறையைக் கூட்டினவன் பெட்டியில் எடுத்துப் போட்டிருக்கிறான். இதற்கு எந்தப் போலீஸ் வேண்டும்?

ஐயாதுரை யார், எந்த ஊர் என்று அப்போதே விசாரித்தாயிற்று. சேத்தூருக்குப் பக்கத்தில் தேவதானம். உன் மலர் வந்துதான் அவனுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்று நான் காத்துக்கொண்டிருக்கவில்லை.

உன் ஆறு பேராசிரியர்களிடமும் சொல். என் பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பெயரைப் போடு.

செல்லக்கனி


கலைக் கல்லூரி,
9.11.1992

அத்தைக்கு,

தங்கள் உடல் நலம் கெடாமல் இருக்க வேண்டும். இதைப் பொறுமையாக வாசிக்க வேண்டும். தாங்கள் நினைப்பது தவறு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அறுபத்தெட்டில் இரண்டு விடுதிகளுக்கும் சண்டை வந்து ஒருவனுக்குக் கண் போயிற்று. அதிலிருந்து ஹாக்கி மட்டையை அறையில் வைக்கக்கூடாது, விளையாட்டு அறையில்தான் வைக்க வேண்டும் என்று உத்தரவு. விளையாட்டு அறையில் வைத்தால் கறையான் தின்றுவிடும், இல்லாவிட்டால் எவனாவது மாற்றி எடுத்துக்கொண்டு போவான். சனிக்கிழமைதோறும் வார்டன் மூன்றாம் வருட மாணவர்களின் அறைகளை மட்டும் சோதனை போடுவார். அதனால் மேற்கு விடுதியில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஒவ்வொரு சீனியரும் தன் மட்டையை ஒரு ஜூனியரின் பெட்டிக்குள் துணிக்கு அடியில் வைத்துவிடுவார். சாயங்காலம் ஆடப் போகும்போது வந்து கேட்டு வாங்கிக்கொள்வார். என் பெட்டியிலும் ஒரு மட்டை இருந்தது.

ஐயாதுரை அண்ணன் மேற்கு விடுதிக்காரர். எங்கள் பக்கம். ஹாக்கி அணித் தலைவர். சௌந்தரபாண்டியனைத் தேர்தலில் நிற்கச் சொன்னதே அவர்தான். அவனுடைய பெட்டியில் இருந்தது அவருடைய மட்டை. அந்த வாரம் முழுக்க அவர் விடுதியிலேயே இல்லை. தங்கைக்கு நிச்சயதாம்பூலம் என்று தேவதானம் போயிருந்தார். தன் ஓட்டைப் போட முடியவில்லையே என்று அவனுக்குத் தபால் அட்டைகூட எழுதினார்.

தாங்கள் கண்டது ரத்தம் இல்லை, அத்தை. சரஸ்வதி பூஜை அன்று எல்லா மட்டைகளையும் மேற்கு விடுதிக் கூடத்தில் அடுக்கி, அடிப்பக்கம் சந்தனத்தைக் குழைத்துப் பூசிக் குங்குமம் வைப்போம். அதைத் துடைக்கக்கூடாது, ஆடி ஆடித் தானாகப் போக வேண்டும் என்பார்கள். வியர்வையும் மண்ணும் பட்டுக் கறுத்துவிடும். என் பெட்டியில் இருந்த மட்டையும் அப்படித்தான் இருந்தது.

ஐயாதுரை அண்ணன் அந்த ஏப்ரலில் பி.ஏ. தேறினார். ஜூலையில் எம்.ஏ. சேர்ந்தார். ஆடிப்பூரத் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறேன், அப்படியே சௌந்தரபாண்டியன் அம்மாவையும் பார்த்துத் துக்கம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். பிறகு திரும்பி வரவே இல்லை. கல்லூரியிலிருந்து போட்ட கடிதத்துக்கும் பதில் இல்லை. பதிவேட்டில் “வராமல் நின்றுவிட்டார்” என்று இருக்கிறது.

அவர் தங்கள் வீட்டுக்கு வந்தாரா? கூலி என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்ன?

ஞானதுரை


கலைக் கல்லூரி,
20.12.1992

அத்தைக்கு,

ஆறு வாரமாகத் தங்களிடமிருந்து தகவல் இல்லை. மார்கழிக் குளிரில் மூச்சு முட்டுமே, வெந்நீரில் குளிக்கிறீர்களா? அம்மாவை விட்டு விசாரிக்கச் சொன்னேன். தாங்கள் எழுந்து நடமாடுவதாகவும், யாரிடமும் பேசுவதில்லை என்றும் சொன்னாள்.

அந்தப் பக்கம் பிப்ரவரி முதல் வாரம் அச்சுக்குப் போகிறது. தாங்கள் எழுதியதைக் குழுவில் நான் இன்னும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று முடிவு செய்துவிட்டேன். அடித்துக் கொன்றார்கள் என்பதையும், கதவைத் திறக்காதவன் நான் என்பதையும் என் பெயர் போட்டு எழுதப் போகிறேன். வேலை போனாலும் போகட்டும். ஐயாதுரை அண்ணனைத் தேடிப் பிடித்து அவரிடமும் எழுதி வாங்கலாம் என்றிருக்கிறேன்.

ஞானதுரை


மடவார் வளாகம்,
24.1.1993

மருமகன் ஞானதுரைக்கு அத்தை எழுதிக்கொண்டது.

நீ சுகமாக இருக்க வேண்டும். இதை மனதோடு எழுதுகிறேன். எனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை.

அவன் என் வீட்டுக்கு வரவில்லை. வரவிடவில்லை.

மட்டையில் பெயரைப் பார்த்த அன்றே என் கொழுந்தன் சின்னக்கருப்பனைக் கூப்பிட்டேன். அவன் போய் ஆளை விசாரித்து, அடையாளம் பார்த்து வைத்துக்கொண்டு வந்தான். அந்த வருஷம் ஆடிப்பூரத் தேர் ஒரே நாளில் நிலைக்கு வரவில்லை, தெருவில் நின்று நின்று போயிற்று. ஐயாதுரை வந்திருக்கிறான், மடவார் வளாகத்துக்கு வழி கேட்கிறான் என்று சின்னக்கருப்பன் ஓடி வந்து சொன்னான். இங்கேயும் வர நெஞ்சழுத்தம் இருக்கிறதே என்று எனக்குக் கண் இருட்டியது. அரிவாளை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். “உசிர எடுக்காத. சோத்துக் கைய எடு. ஒவ்வொரு வேளையும் எம்புள்ள ஞாவகம் அவனுக்கு வரணும்” என்று சொன்னேன். தேர் வடம் இழுக்கிற கூச்சலில் ஒருத்தருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. மணிக்கட்டோடு போயிற்று என்று வந்து சொன்னான். அன்று ராத்திரி நான் வயிறாரச் சாப்பிட்டேன். இதையும் எழுதுகிறேன்.

சின்னக்கருப்பன் எண்பத்திரண்டில் செத்தான். ஒரு வழக்கும் வரவில்லை. குற்றம் உள்ள நெஞ்சு, அதனால்தான் போலீசுக்குப் போகவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் கடிதம் வந்தபோது நம்பவில்லை. மட்டையை எடுத்து ஈரத் துணியால் அடிப்பக்கம் துடைத்தேன். துணியில் மஞ்சள் ஏறியது, வாசனை வந்தது. மில்லில் இருபத்தாறு வருஷம் நூலில் பட்ட கறையைப் பார்த்தவள் நான். ரத்தக் கறையில் சந்தனம் மணக்காது.

பொங்கல் கழிந்த மறுவாரம் தேவதானம் போனேன், தனியாக. ஊரில் கேட்டால், “தேர்க் கையனா, மேலத் தெரு” என்றார்கள். களத்தில் மாட்டுக்குத் தீவன நாற்று உதறிக்கொண்டிருந்தான், இடது கையால். நரைத்துவிட்டது. என் பிள்ளை பெயரைச் சொன்னேன். நாற்றைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன்.

“தெரியும்” என்றான். “வெட்டும்போதே ஒங்க ஆளு சொல்லிட்டான், இது சௌந்தரபாண்டியனுக்குன்னு. ஒங்க வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்தேன். கையில பழம் இருந்துச்சு.”

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“எனக்கு அண்ணன்மார் ரெண்டு பேரு. இப்பவும் இருக்காவ. சொல்லியிருந்தா மறுநா விடியுமுன்ன ஒங்க தெருவுல ஒரு தலை இருக்காது. ஒங்களுக்கு ஒரு பொம்பளப்புள்ள உண்டுன்னு சௌந்தரபாண்டியன் சொல்லியிருக்கான். தேருக்குத் தடி போடும்போது சக்கரத்துல கை மாட்டிக்கிட்டுன்னு சொன்னேன். பொண்டாட்டிக்கும் அதான் தெரியும்.”

நான் அவன் காலில் விழப் போனேன். தள்ளி நின்றுகொண்டான். “அதெல்லாம் வேண்டாம். மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்கிடாதீய. கை இருந்த எடம் இப்பவும் வலிக்கி. வலிக்கும்போது ஒங்களத்தான் வையுதேன்” என்றான்.

அப்போது அவன் பெண்டாட்டி செம்பில் மோர் கொண்டுவந்தாள். யார் என்று கேட்டாள். கூடப் படித்தவனுடைய அம்மா என்றான். அவள் என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, “ஒங்க மகன் இப்ப எங்க இருக்காரு, ஆச்சி?” என்று கேட்டாள். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“அப்பமே காய்ச்சல்ல போயிட்டான்மா” என்றேன்.

என் வாயால் சொன்னேன், ஞானதுரை.

அதனால் நீ முடிவு செய்ததை மாற்றிக்கொள். அடித்துக் கொன்றார்கள் என்று அச்சில் வந்தால், அடித்தது யார் என்று கேட்பார்கள். அதைக் கேட்டால் மட்டை வரும், மட்டை வந்தால் அந்தக் கை வரும். அந்த அண்ணன்மாருக்கும் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், நான் பார்த்தேன். பரிபூரணத்துக்கு மூணு பிள்ளைகள். பதிவேட்டில் உள்ளபடியே போட்டுவிடு. நீ கதவைத் திறக்காததையும் எழுதாதே. எழுதிவிட்டால் உனக்குப் பாரம் இறங்கிவிடும். இறங்க வேண்டாம். நீயும் வைத்துக்கொள், நானும் வைத்துக்கொள்கிறேன்.

இன்னொரு வேலை இருக்கிறது. ஐயாதுரையின் பி.ஏ. பட்டம் உங்கள் ஆபீஸிலேயே கிடக்கிறதாம். காலேஜில் படித்தேன் என்று சொன்னால் ஊரில், ஒரு காகிதத்தைக் காட்டு பார்ப்போம் என்று சிரிக்கிறார்களாம். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அதை மட்டும் சொன்னான். எனக்காக வாங்கிக் கொடுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அங்கே கிடக்கிறது என்று சொன்னான்.

நீ போய் எடு. தபாலில் அனுப்பாதே, தேவதானத்துக்கு நீயே கொண்டுபோ. வாங்கிக்கொண்டதற்கு அவன் கையெழுத்துப் போட வேண்டுமாம், பழைய கையெழுத்தோடு ஒத்துப் பார்ப்பார்களாம். அவன் இடது கையால் போடுவான். ஒத்துப்போகாது. ஏன் என்று அந்த ஆபீஸில் எவனாவது கேட்டால், நீ பேராசிரியர், ஏதாவது சொல்லிச் சமாளி. உண்மையைச் சொல்லிவிடாதே.

செல்லக்கனி